கோயிலில் யார் சொல் செல்லும்?

சிதம்பரத்தில் ஓர் அறை பூட்டிக் கிடந்தது. தேவார ஏடுகள் அதற்குள் இருப்பதாகச் சோழ மன்னனுக்குத் தெரியவருகிறது, திறக்கச் சொல்கிறான். தில்லைவாழ் அந்தணர்கள் மறுக்கிறார்கள். அறைக்குக் கையடையாளம் இட்டவர்கள் அப்பர், சம்பந்தர், சுந்தரர்; அந்த மூவரும் நேரில் வந்தால் திறக்கலாம் என்பது அவர்கள் பதில். மூவரும் முத்தி அடைந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. மன்னன் சளைக்கவில்லை. மூவரின் திருவுருவங்களுக்கும் பூசை செய்வித்து, வீதியுலாவாக எழுந்தருளப் பண்ணி, அறைவாசலில் கொண்டுவந்து நிறுத்தி, “இதோ வந்துவிட்டார்கள்” என்கிறான். கதவு திறக்கிறது. உள்ளே ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருக்கிறது. மன்னன் கலங்க, இக்காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்து மற்றதை நாமே மறைத்தோம் என்று அசரீரி கேட்கிறது. பாட்டு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. அதற்கும் அசரீரிதான் வழி காட்டுகிறது: திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கேட்டால் தெரியும்.

இது திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை. மன்னனை அது அபயகுலசேகரன் என்கிறது. முதலாம் இராசராசன் என்று கொள்வது வழக்கம். இப்படியே நடந்ததா என்பது வேறு விஷயம். இராசராசனுக்கு நூறாண்டுக்கு முன்பே, மூன்றாம் நந்திவர்மன் காலத்துத் திருவல்லம் கல்வெட்டில் திருப்பதியம் பாடுவார்க்கு நிவந்தம் இருக்கிறது. ஆகவே பாட்டு முழுக்கத் தொலைந்துபோயிருந்ததாகச் சொல்வதற்கில்லை. ஆனால் சமயத்தில் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இந்தக் கதையைவிடத் துல்லியமான வரைபடம் தமிழில் இல்லை என்று நினைக்கிறேன். அதில் ஒருவர்கூட “நான் சொல்கிறேன், செய்” என்று சொல்வதில்லை. ஏடுகள் இருக்கும் இடத்தை மன்னனுக்குச் சொன்ன நம்பியாண்டார் நம்பி பொல்லாப் பிள்ளையார் பெயரால் பேசுகிறார். அந்தணர்கள் மூவர் பெயரால் மறுக்கிறார்கள். மன்னன் அதே மூவரின் உருவத்தை முன்னிறுத்தி அந்த மறுப்பை மடக்குகிறான். கடைசிச் சொல் ஆகாயத்திலிருந்து வருகிறது. படையும் பண்டாரமும் உள்ள அரசன் ஒரு கதவைத் திறக்கச் செப்புத் திருமேனிகளிடம் இரவல் வாங்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டுக் கோயில்களின் ஆயிரமாண்டுச் சச்சரவுகளை அடுக்கி வைத்துப் பார்த்தால் இந்த இரவல்தான் திரும்பத் திரும்பத் தெரிகிறது. அர்ச்சகர் ஆகமத்தின் பெயரால், ஆகமம் சிவன் பெயரால், செயல் அலுவலர் மைனரான தெய்வத்தின் பெயரால், சாமியாடி ஆத்தாளின் பெயரால், நீதிபதி அரசியல் சட்டத்தின் பெயரால். யாரும் தன் கைச்சொத்தாக அதிகாரத்தை வைத்திருப்பதில்லை. எனவே யாரிடம் அதிகாரம் இருக்கிறது என்று கேட்டால் விடை நழுவும். யாரிடமிருந்து யார் வாங்கினார், கொடுத்ததாகச் சொல்லப்படுகிறவரை யாராவது விசாரிக்க முடியுமா என்று கேட்டால் சில விஷயங்கள் பிடிபடும்.

நம் தத்துவக்காரர்கள் இந்தக் கேள்வியைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே எடுத்துக்கொண்டார்கள். மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளைச் சந்திக்கும் காதையில் அவள் முதலில் கேட்பது அளவைவாதியிடம். கடவுள் யார், உயிர் எது என்பதற்கு முன்னால், எதை வைத்து அறிவாய் என்ற கேள்வி வந்துவிடுகிறது. சிவஞான சித்தியாரும் அளவையில்தான் தொடங்குகிறது. காண்டல், கருதல், உரை. காண்டலும் கருதலும் எல்லோருக்கும் பொது. மூன்றாவதான உரையில்தான் சமயங்கள் பிரிகின்றன. வேதத்துக்கு ஆசிரியனே இல்லை, அதனால் அதில் பிழை இருக்க வழியில்லை என்றார்கள் மீமாம்சகர்கள். சைவர் அதை மறித்து, சொன்னவன் சிவன், அவனுக்குக் குற்றமில்லை, அதனால் ஆகமம் அளவை என்றார்கள். பேசியவரே இல்லாததால் நம்பலாம் என்பது ஒரு கட்சி. பேசியவர் இன்னார் என்பதால் நம்பலாம் என்பது இன்னொரு கட்சி.

வைணவத்தில் இந்த வாதம் இன்னும் சூடாக நடந்தது. பாஞ்சராத்திர ஆகமத்துக்கு வேதத்துக்கு ஒப்பான தகுதி உண்டு என்று நிறுவுவதற்கென்றே ஆளவந்தார் ‘ஆகமப் பிராமாண்யம்’ என்ற நூலை எழுதினார். அதைப் படிக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகாது. எதிர்த்தரப்பின் குறை நூலைப் பற்றியது மட்டும் அல்ல. அந்த நூலை வைத்துப் பூசை செய்து பிழைக்கும் பாகவதர்கள் உண்மையில் பிராமணர்கள்தானா என்ற ஐயமும் அதில் இருக்கிறது. ஆளவந்தார் நூலின் தகுதியைக் காக்கும்போது கூடவே ஆட்களின் தகுதியையும் காக்க வேண்டியிருந்தது. ஒரு நூல் அதிகாரம் உடையதா என்ற கேள்வி, அதைக் கையில் வைத்திருப்பவன் யார் என்ற கேள்வியாக மாறுவதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த அர்ச்சகர் நியமன வழக்குக்கும் இதே முகம்தான்.

சரி, ஆகமம் என்றால் கோயிலில் நடைமுறையில் என்ன? சைவ ஆகமங்கள் 28 என்பது மரபு. காமிகம், காரணம் ஆகிய பெயர்கள் சிவாசாரியார்கள் வாயில் அடிக்கடி வரும். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு பாதம். ஆனால் அன்றாடப் பூசை நேரடியாக இந்த மூலங்களைப் பார்த்து நடப்பதில்லை. பத்ததி என்ற கையேடுகளைப் பார்த்து நடக்கிறது. அவற்றில் தலையாயது 12ஆம் நூற்றாண்டில் அகோர சிவாசாரியார் செய்த கிரியாக்கிரமத்யோதிகை. அந்தக் கையேட்டையும் பலர் தகப்பனார் சொல்லிக்கொடுத்த அளவில்தான் அறிவார்கள். 1976 வாக்கில் மதுரை மீனாட்சி கோயிலில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் கிறிஸ் ஃபுல்லர், அங்கிருந்த பட்டர்களில் பெரும்பாலானோருக்கு ஆகம நூல்களில் பயிற்சி இல்லை என்று எழுதினார். எல்லாம் ஆகமப்படி நடக்கிறது என்று மட்டும் அனைவரும் உறுதியாகச் சொன்னார்கள். பிறகு அவர் திரும்பிப் போனபோது இளைய தலைமுறை ஆகம பாடசாலைகளில் படித்துவிட்டு வந்திருந்தது. நூலைப் படிக்காத தலைமுறை நூலின் பெயரைச் சொல்லிக் கோயிலைக் காத்தது. படித்த தலைமுறை தகப்பன்மார் செய்ததில் எது நூலில் இல்லை என்று கண்டுபிடித்துச் சங்கடப்பட்டது.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. வழக்கம் என்பது லேசான சரக்கு அல்ல. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1955இல் தொடங்கப்பட்டு, கிராமம் கிராமமாகச் சென்று சிவாசாரியார் வீடுகளிலிருந்தும் மடங்களிலிருந்தும் சுவடிகளைத் திரட்டியதில் சுமார் 11,000 சேர்ந்தன. 2005இல் யுனெஸ்கோ அந்தத் தொகுப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்தச் சுவடிகளை ஒப்பிட்டு அச்சிட்டபோதுதான் ஆகமம் என்று ஒருமையில் பேசுவது எவ்வளவு தாராளமான பேச்சு என்று தெரிந்தது. பாடபேதம் உண்டு, இடைச்செருகல் உண்டு, 28இல் பல முழுதாகக் கிடைக்கவில்லை. வைணவக் கோயில்களில் திருப்பதி வைகானசம், திருவரங்கம் பாஞ்சராத்திரம். திருவரங்கத்தில் முன்பு வைகானசம் இருந்ததை இராமானுசர் மாற்றினார் என்கிறது கோயிலொழுகு. மாற்றியபோது எத்தனை பேர் “இது வழக்கமில்லை” என்று சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். இன்று அந்த மாற்றம்தான் அங்கே வழக்கம். சிதம்பரம் தீட்சிதர்களோ தங்கள் பூசை ஆகம வழி அல்ல, பதஞ்சலி வகுத்த வைதிக வழி என்பார்கள். ஆகமம் எல்லாக் கோயிலையும் ஆள்கிறது என்ற பொதுக்கூற்றைத் தமிழ்நாட்டின் மிகப் புகழ்பெற்ற சைவக் கோயிலே ஏற்பதில்லை.

வழக்கத்தின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் கதை தனி. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். (விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்பத் துணைநின்ற அதே சேதுபதிதான், மனிதர்கள் ஒரே நிறத்தில் இருப்பதில்லை.) வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. தேம்ஸ் கரையில் உட்கார்ந்து, கமுதிக் கோயிலில் யார் எதுவரை வரலாம் என்று முடிவு செய்த ஆங்கிலேய நீதிமான்களுக்கு ஆகமத்தில் நம்பிக்கை இருந்திருக்க வாய்ப்பில்லை. வழக்கத்தில் இருந்தது. நெடுநாள் நடந்தது உரிமை ஆகும் என்பது அவர்கள் சட்டத்துக்கும் பழகிய கருத்து. இப்படித்தான் காலனி நீதிமன்றம், ஊருக்கு ஊர் நெகிழ்ந்து கிடந்த மாமூலை இறுகிய உரிமையாக எழுதிக் கொடுத்தது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் வடகலையார் முதலில் பாடுவதா, தென்கலையார் முதலில் பாடுவதா என்ற தகராறு இருநூறு ஆண்டாகத் தீராமல் இருப்பதற்கும் காரணம் இதுவே. ஒவ்வொரு தீர்ப்பும் அடுத்த தலைமுறைக்குச் சாசனம். பழைய டிக்ரியைக் கையில் வைத்துக்கொண்டு வேதம் ஓதுவதுபோல மேற்கோள் காட்டுகிறார்கள்.

1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட வகுப்பாரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் சென்றபோது வழக்கம் ஒரே காலையில் முறிந்தது. பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசைக்கு வர மறுத்தார்கள். கோயிலை விட்டு மீனாட்சி போய்விட்டாள் என்று சொல்லி வேறிடத்தில் வழிபாடு நடத்தியவர்களும் உண்டு. இராஜாஜி அரசு அவசரமாகச் சட்டப் பாதுகாப்புக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் மறுத்தவர்கள் திரும்பி வந்தார்கள். மீனாட்சி அங்கேயே இருப்பதாக மக்கள் முடிவு செய்துவிட்டார்கள், கூட்டம் குறையவில்லை. வழிபட வருகிற கூட்டத்தின் ஒப்புதல் இல்லாமல் எந்த இரவல் அதிகாரமும் நெடுநாள் நிற்பதில்லை என்பதை நான் நம்புவதற்கு மதுரை ஒரு காரணம். ஆனால் கூட்டத்தின் ஒப்புதலை மட்டும் நம்பியிருந்தால் 1939 நடந்தே இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிவகங்கைப் பக்கம் கண்டதேவியில் நான்கு நாட்டாரின் முதல் மரியாதையும் தலித்துகளின் வடம் பிடிக்கும் உரிமையும் மோதியதில் தேர் பல ஆண்டு நிலையில் நின்றது. அங்கே ஆகமத்தை யாரும் பேசவில்லை. தேர் 2024இல் ஓடியபோது போலீஸ் காவல் கூடவே ஓடியது.

அரசு கோயிலுக்குள் வந்ததும் புதுக்கதை அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி 1817ஆம் ஆண்டுச் சட்டத்தால் கோயில் சொத்துக்களின் மேற்பார்வையை எடுத்தது. கிறித்தவ அரசு விக்கிரகக் கோயிலை நடத்துவதா என்று பாதிரிமார் கூச்சலிட, பின்வாங்கி 1863இல் குழுக்களிடம் ஒப்படைத்தது. நீதிக்கட்சி ஆட்சியில் 1925இல் இந்து அறநிலையச் சட்டம் வந்தது. இன்று நடப்பில் இருப்பது 1959ஆம் ஆண்டுச் சட்டம். 40,000-க்கும் மேற்பட்ட கோயில்கள் இப்போது அறநிலையத் துறையின் கண்காணிப்பில். இந்த ஏற்பாட்டின் அச்சாணி ஒரு சட்டக் கற்பனை: தெய்வம் சொத்துள்ள சட்ட நபர், ஆனால் மைனர். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாது, காப்பாளர் வேண்டும். உலகையெல்லாம் காப்பவனுக்கு ஒரு தக்கார் நியமிக்கப்படுகிறார். இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. பத்தூர் நடராசர் 1991இல் லண்டனிலிருந்து ஊர் திரும்பியது இந்தக் கற்பனையின் பலத்தில்தான். இடிந்து கிடந்த கோயிலின் சிவலிங்கம் ஒரு தரப்பாக நின்று வழக்காட, கனடாக் கம்பெனியின் கையிலிருந்த சிலையை ஆங்கில நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது.

அரசும் நீதிமன்றமும் சேர்ந்து சமயத்தின் உள்ளே எதுவரை போகலாம் என்பதற்கு 1954இல் வந்த சிரூர் மடத் தீர்ப்பு ஒரு கோடு கிழித்தது. சமயத்துக்கு எது இன்றியமையாதது என்பதை அந்தச் சமயத்தின் கோட்பாட்டைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். அதில் அரசு கை வைக்கலாகாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்பாட்டைப் படித்துப் பொருள் சொல்லப் போவது யார்? நீதிபதிதான். கோட்டைத் தாண்டமாட்டேன் என்று சொன்ன கையே கோட்டை எங்கே போடுவதென்றும் முடிவு செய்கிறது. 1970ஐ ஒட்டிப் பெரியார் கருவறை நுழைவுக் கிளர்ச்சி அறிவித்தார். கலைஞர் அரசு அர்ச்சகர் பதவியில் பரம்பரை வாரிசு உரிமையை ஒழித்துச் சட்டம் கொண்டுவந்தது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது: அர்ச்சகரை நியமிப்பது சமயச் செயல் அன்று, நிர்வாகச் செயல். அதே மூச்சில், ஆகமம் விலக்கியவர் தொட்டால் திருமேனி தீட்டுப்படும் என்ற நம்பிக்கையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஆகமத்தை மீறி நியமிக்கலாகாது என்றது. இரண்டு தரப்பும் வென்றதாகச் சொல்லிக்கொண்டன. ஐம்பதாண்டாக அந்தப் பாதித் தீர்ப்பின் மேல்தான் எல்லோரும் வாதாடுகிறார்கள்.

பிறகு நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். 2006இல் எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்ற அரசாணை, பயிற்சிப் பள்ளிகள், 200-க்கும் மேற்பட்டோர் படித்து முடித்து வேலையில்லாமல் காத்திருந்தது, 2015 டிசம்பரில், கோயிலுக்குக் கோயில் ஆகமத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் வாசலைப் பாதி திறந்து பாதி மூடியது, 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற 24 பேருக்குப் பணி ஆணை. அடுத்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், எந்தெந்தக் கோயில் ஆகமக் கோயில் என்று கண்டறிய ஒரு குழு அமைக்கச் சொன்னது. ஆயிரமாண்டு பூசை நடந்த பிறகு ஒரு குழு உட்கார்ந்து இதைக் கண்டறிய வேண்டியிருக்கிறது என்றால், இத்தனை காலம் ஆகமத்தின் பெயரால் பேசியவர்கள் எதன் பெயரால் பேசினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. எதிர்த்தரப்பிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. ஆகமத்தை நம்பாத அரசு, ஆகமப் பயிற்சிச் சான்றிதழ் கொடுத்துத்தான் தன் அர்ச்சகரைக் கருவறைக்கு அனுப்புகிறது. நம்பாதவரும் அந்தக் கடையில்தான் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

மொழிச் சண்டையும் இதே தடத்தில் ஓடுகிறது. 2008 மார்ச் 2ஆம் தேதி சிதம்பரம் திருச்சிற்றம்பல மேடையில் ஓதுவார் ஆறுமுகசாமி தேவாரம் பாட அரசாணையும் போலீஸும் தேவைப்பட்டன. தேவாரம் கிடைத்ததாகச் சொல்லப்படும் கோயிலிலேயே அதைப் பாட யாருக்கு உரிமை என்ற தகராறு. தீட்சிதர்களின் நிலைப்பாடு, பாடவே கூடாது என்பது அல்ல. அந்த மேடையில், அந்த வேளையில், அவர் பாடுவது வழக்கமில்லை என்பது. சண்டை பாட்டின் மேல் இல்லை, நிற்கும் இடத்தின் மேல். 2009இல் கோயில் நிர்வாகம் அரசிடம் போனது, 2014 ஜனவரி 6இல் உச்ச நீதிமன்றம் தீட்சிதர்களிடம் திருப்பிக் கொடுத்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் 2020 குடமுழுக்கை ஒட்டி வந்த வழக்கில் தமிழிலும் வடமொழியிலும் நடத்தலாம் என்று தீர்ந்தது.

எனக்கு இந்த வரிசையில் மிக வினோதமானதாகப் படுவது வடலூர். வள்ளலார் வேதாகமங்களையும் சாதியாசாரத்தையும் கடந்துபோனவர். அவர் பாடல்களை ‘திருவருட்பா’ என்று 1867இல் அச்சிட்டபோது யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கொதித்தெழுந்தார். அருட்பா என்று சொல்லத்தக்கவை திருமுறைகள் மட்டும்; அந்த வரிசை முடிந்துவிட்டது; உயிரோடிருக்கும் ஒருவர் பாட்டை அதில் சேர்க்க யாருக்கு உரிமை? அருட்பா, மருட்பாச் சண்டை 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை போனது. நாவலரைப் பழமைவாதி என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி: அருள் வந்தது என்பதற்கு யார் சாட்சி? வள்ளலார் பக்கத்தவர்களுக்கு அவர் வாழ்க்கையே சாட்சி. நூற்றாண்டு கழித்து அந்தக் கேள்வி இன்னொரு வடிவில் வந்தது. வள்ளலார் 1872இல் தொடங்கிய சத்திய ஞான சபையில் லிங்க வழிபாடும் சிவாசாரியார் பூசையும் நுழைந்திருந்தன. அது வள்ளலார் வகுத்த முறைக்கு மாறானது என்று 2006இல் அறநிலையத் துறை ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் 2010இல் அதை உறுதிசெய்தது. முடிவு சரியானது என்றே கருதுகிறேன். ஆனாலும் எந்தச் சாத்திரத்துக்கும் கட்டுப்படாத ஒருவரின் கொள்கைக்கு அதிகாரபூர்வமான உரைகாரராக ஓர் இணை ஆணையர் அமர்ந்ததை வள்ளலார் பார்த்திருந்தால் என்ன பாடியிருப்பார் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கோபுரம் உள்ள கோயில்கள். தமிழர்களில் பெரும்பாலோர் சாமி கும்பிடும் இடம் அதுவல்ல. குலதெய்வக் கோயிலிலும் எல்லைக் கோயிலிலும் ஆகமம் இல்லை, செயல் அலுவலர் பெரும்பாலும் இல்லை. சாமியாடி இருக்கிறார். மருளாடி, கோடாங்கி என்று ஊருக்கு ஒரு பெயர். உடுக்கைச் சத்தம் ஏற ஏற அவர் மேல் சாமி இறங்குகிறது. அதன்பின் அவர் சொல்வது அவர் சொல் அல்ல. இரவல் குரலுக்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் கிடையாது. வெளியூரார் இதை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். அருகில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊர் அந்தக் குரலை அப்படியே விழுங்குவதில்லை. எந்தச் சாமி வந்திருக்கு, எதுக்கு வந்திருக்கு என்று பெரியவர்கள் கேட்பார்கள். உள்ளங்கையில் சூடம் ஏற்றுவார்கள். ஒளித்து வைத்ததை எடுக்கச் சொல்வார்கள். சாமி கிடா கேட்டால், “முதல்ல மழையக் குடு, அப்புறம் பாக்கலாம்” என்று பேரம் பேசுவார்கள். “ஏஞ்சாமி, போன வருசமும் இதத்தான சொன்ன” என்று ஒரு கிழவி குறுக்கே விழுவாள். ஆகமத்தின் பெயரால் பேசுபவரை அந்த இடத்திலேயே குறுக்கு விசாரணை செய்யப் பக்தனுக்கு வழியில்லை. சாமியாடியைச் செய்யலாம். வாக்குப் பலிக்காவிட்டால் அடுத்த ஆண்டு சாமி வேறொருவர் மேல் இறங்கிவிடும்.

இந்த உலகத்தில் உத்தரவு வாங்கும் முறைகள் ஏராளம். பூக்கட்டிப் பார்ப்பது, பல்லி சொல்வது, கிடாய் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து அது துலுக்கும்வரை காத்திருப்பது. துலுக்கினால் சாமிக்குச் சம்மதம். துலுக்காவிட்டால் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றுவார்கள் என்பதும் உண்மை. காங்கேயம் பக்கம் சிவன்மலை முருகன் கோயிலில் இந்த நாட்டு முறையும் பெரிய கோயில் முறையும் அழகாகக் கைகோத்திருக்கின்றன. யாரோ ஒரு பக்தரின் கனவில் முருகன் ஒரு பொருளைச் சொல்கிறார். அவர் வந்து சொன்னதும் சந்நிதியில் பூப்போட்டுக் கேட்கிறார்கள். வெள்ளைப் பூ வந்தால் அந்தப் பொருள் உத்தரவுப் பெட்டியில் ஏறுகிறது. அடுத்த கனவு வரும்வரை அதுதான் நாட்டுக்குச் செய்தி. கனவு கண்டவர் எந்தச் சாதி, என்ன படித்தவர் என்ற கேள்வி இல்லை. அர்ச்சகருக்கும் அதிகாரிக்கும் கிடைக்காத ஒன்று, முன்பின் தெரியாத ஒருவருக்குத் தூக்கத்தில் கிடைத்துவிடுகிறது. ஆனால் கனவு மட்டும் போதாது, பூவும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கிராமத்துச் சாமியின் அதிகாரத்தோடு மோதி அரசு தோற்ற சந்தர்ப்பமும் உண்டு. கோயிலில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. 2003இல் ஜெயலலிதா அரசு அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. கிடாய் வெட்டாமல் அய்யனாருக்கும் கருப்பனுக்கும் என்ன பதில் சொல்வது என்று ஊர் ஊராகப் புழுங்கியது. 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. கருப்பனுக்கு வக்கீல் இல்லை, மடம் இல்லை, நூல் இல்லை. ஓட்டு இருந்தது.

பெண்கள் விஷயத்திலும் அருள்வாக்கு சில வேளை சட்டத்தை முந்திவிடுகிறது. உசிலம்பட்டிப் பக்கத்து ஊரொன்றில் பூசாரியின் மகள் தகப்பனுக்குப் பின் பூசை செய்ய 2008இல் உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. மேல்மருவத்தூரில் பள்ளி ஆசிரியராக இருந்த பங்காரு அடிகளார் ஆதிபராசக்தியின் வாக்காகப் பேசத் தொடங்கி, பெண்கள் கருவறைக்குள் போகலாம், மாதவிலக்கு நாளிலும் வரலாம் என்றார். வழக்கு இல்லை, குழு இல்லை, அரசாணை இல்லை. இலட்சக்கணக்கில் செவ்வாடைப் பெண்கள் போனார்கள். நூல் வழி அதிகாரம் அசைவதற்கு நூற்றாண்டு கேட்கும் இடத்தில், வாக்கு வழி அதிகாரம் ஒரு மாலையில் அசைந்துவிடும். அதன் ஆபத்தும் அதே வேகத்தில்தான் இருக்கிறது: நல்லதைச் சொன்ன வாக்கு நாளை வேறு எதையும் சொல்லலாம், பெரிய பீடமாக வளர்ந்துவிட்ட பிறகு “ஏஞ்சாமி” என்று குறுக்கே விழ அங்கே எந்தக் கிழவிக்கும் இடமில்லை. சாமியாடியைச் சோதிக்கும் உரிமை ஊர் சிறிதாக இருக்கும்வரைதான்.

இப்போது இன்னொரு கை நுழைந்திருக்கிறது: சோதிடரும் பஞ்சாங்கமும். எந்தக் கோயிலுக்கு எப்போது போவது என்பதை அர்ச்சகரைவிட ராசிபலன்தான் இன்று முடிவு செய்கிறது. பிரதோஷக் கூட்டமும் பரிகாரத் தலங்களும் பெருத்தது கடந்த சில பத்தாண்டுகளில் கண்முன் நடந்தது. இங்கே கடன் கொடுப்பதாகச் சொல்லப்படுவது வானம். ஆகமத்தைப் போல, ஆத்தாளைப் போல அல்லாமல், வானத்தை யார் வேண்டுமானாலும் அண்ணாந்து பார்த்துச் சரிபார்க்கலாம். பார்த்தும் பயனில்லை. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி கும்பத்திலிருந்து மீனத்துக்கு 2025 மார்ச் 29இல் பெயர்ந்துவிட்டார். வாக்கியப் பஞ்சாங்கப்படி பெயர்ச்சி 2026 மார்ச் 6இல்தான். திருநள்ளாறு தேவஸ்தானம், தங்கள் கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவது, ஆகவே 2025இல் அங்கே பெயர்ச்சி விழா இல்லை என்று அறிவித்தது. இடைப்பட்ட மாதங்களில் கைப்பேசியில் ஜாதகம் பார்ப்பவருக்குச் சனி மீனத்தில், திருநள்ளாற்றுக்குக் கும்பத்தில். தொலைநோக்கி வைத்துப் பார்ப்பவர்கள் எதைச் சொன்னாலும் நளதீர்த்தத்தில் எந்த நாளில் முங்குவது என்பதைச் சொல்லும் உரிமை அவர்களிடம் இல்லை. ஏழரை நடக்கும் வீடுகளில் இதைப் பற்றி அதிகம் வாதாடுவதாகத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தேதிக்கும் எள் தீபம் ஏற்றிவிடுகிறார்கள்.